கடலின் சூடும் உடலின் வேகமும்: எந்தக் கடலில் எத்தனை இனங்கள், ஏன்?

பெரு நாட்டுக் கரையோரக் கடல், உலகிலேயே மீன்வளம் மிகுந்த கடல்களில் ஒன்று. ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலே பொங்கி வருவதால் மிதவைப் பாசிகள் கொழிக்கின்றன. அவற்றை நம்பி நெத்திலி பெருகுகிறது. 1970ஆம் ஆண்டில் அங்கே ஒரே ஒரு நெத்திலி இனம் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடிபட்டது. பசிபிக்கின் மறுபக்கத்தில், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பப்புவா நியூகினி முதலிய நாடுகளைத் தழுவிக் கிடக்கும் பவள முக்கோணத்தில், திட்டுகளைச் சூழ்ந்த நீர் பெரும்பாலும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். தெளிந்த கடல்நீர் என்றால் சத்துக் குறைந்த நீர் என்று பொருள். ஆனால் உலகில் அறியப்பட்ட பவள இனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, அதாவது 500க்கும் மேல், அங்கேதான் வாழ்கின்றன. பவளத்திட்டு மீன்களோ 2,000 இனங்களைத் தாண்டும்.

உணவு பெருகும் இடத்தில் இனங்களும் பெருகும் என்ற எண்ணம் இந்த இரண்டு கடல்களை அருகருகே வைத்தவுடன் நின்றுவிடுகிறது. உணவு கூட்டத்தைப் பெருக்குகிறது. கூட்டத்துக்குள் எத்தனை வகை என்பதை வேறு ஏதோ முடிவு செய்கிறது. அதில் பெரும்பங்கு வெப்பநிலைக்கு உண்டு. ஆனால் ‘சூடான கடலில் இனங்கள் அதிகம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், கடல்நாய்களையும் பெங்குயின்களையும் ஆழ்கடலையும் விளக்க முடியாமல் போகும். வெப்பம் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகத்தை மாற்றுகிறது. அந்த வேகத்தைத்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம். ஒரு கடலில் யாருடைய வேகம் மாறுகிறது, யாருடையது மாறாமல் நிற்கிறது என்று கேட்டால்தான் வரைபடம் புரியத் தொடங்கும்.

வரைபடம் என்ன சொல்கிறது

2010இல் டெரெக் டிட்டென்சரும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் 13 உயிரினக் குழுக்களின் 11,567 இனங்களை உலக வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். பவளம், சதுப்புநில மரங்கள், கடற்புல், கணவாய், சுறா, சூரை, திமிங்கிலம், கடல்நாய் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குழுக்கள். கரையோர இனங்கள் மேற்குப் பசிபிக்கில் குவிந்திருந்தன. திறந்த கடலில் வாழ்பவை நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் நடு அட்சரேகைகளில் இரண்டு பட்டைகளாகத் திரண்டிருந்தன. கடற்பரப்பின் வெப்பநிலை, உணவு உற்பத்தி, கரையின் நீளம், ஆக்சிஜன் எனப் பல காரணிகளைச் சோதித்ததில், 13 குழுக்களிலும் தொடர்பு காட்டிய காரணி கடற்பரப்பு வெப்பநிலை ஒன்றுதான். ஆனால் தொடர்பின் திசை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. கடல்நாய்களுக்கு அது தலைகீழாக இருந்தது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதே ஒழுங்கைச் சிறியவற்றிலும் காணலாம். ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் மிதவை உயிரிகள் மணல்துகள் அளவுள்ள சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்பவை. இறந்தால் ஓடு கடலடிச் சேற்றில் படியும். இன்று வாழும் மிதவை ஃபோராமினிஃபெரா இனங்கள் சில பத்துகள்தான் என்பதால், ஒரு சிட்டிகைச் சேற்றை நுண்ணோக்கியில் வைத்தால் அந்த இடத்தின் இனப்பட்டியல் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிடும். வேறு எந்தக் குழுவிலும் இவ்வளவு நேர்மையான கணக்கு கிடைப்பது அரிது. 1999இல் வெளியான ஆய்வில், இவற்றின் இன எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைக் கடற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டே கணித்துவிட முடிந்தது. உச்சம் நிலநடுக்கோட்டில் இல்லை, அதன் இருபுறமும் துணைவெப்பமண்டலத்தில் இருந்தது.

வேகத்தைக் கணக்கிடுவது

வேதிவினை வேகம் வெப்பநிலையோடு எப்படிக் கூடுகிறது என்பதற்கான சமன்பாட்டை ஸ்வாந்தே அரீனியஸ் 1889இல் விளக்கினார். உடல் எடை கூடும்போது வளர்சிதை மாற்றம் எடையின் முக்கால் அடுக்கில் கூடுகிறது என்பதை மாக்ஸ் கிளைபர் 1932இல் காட்டினார். இந்த இரண்டையும் 2001இல் ஜேம்ஸ் கில்லூலி, ஜேம்ஸ் பிரவுன் குழுவினர் ஒரே கோவையாக இணைத்தார்கள்: வளர்சிதை மாற்ற வேகம் என்பது எடையின் முக்கால் அடுக்கையும், வெப்பநிலைக்கான அடுக்குக்குறிக் காரணியையும் பெருக்கியது. அந்தக் காரணியில் இடம்பெறும் கிளர்வு ஆற்றல், அதாவது வேதிவினை தொடங்கத் தேவையான ஆற்றல், 0.6 முதல் 0.7 எலெக்ட்ரான் வோல்ட், பொதுவாக 0.65 என்று எடுத்துக்கொள்வார்கள்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இதன் வீச்சு விளங்கும். 5 டிகிரி செல்சியஸ் என்பது 278.15 கெல்வின், 25 டிகிரி என்பது 298.15 கெல்வின். இவற்றை போல்ட்ஸ்மன் மாறிலியான 0.00008617ஆல் பெருக்கித் தலைகீழாக்கினால் முறையே 41.72, 38.92 கிடைக்கும். வித்தியாசம் 2.80. அதை 0.65ஆல் பெருக்க 1.82. இயல்மடக்கையின் அடிமானமான 2.718ஐ 1.82 அடுக்குக்கு உயர்த்தினால் 6.2. அதாவது ஒரே எடையுள்ள, சூழலின் வெப்பத்தையே தன் உடல் வெப்பமாகக் கொண்ட இரண்டு உயிரிகளில், 25 டிகிரி நீரில் இருப்பது 5 டிகிரி நீரில் இருப்பதைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் எரிபொருளைச் செலவிடும். 0 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே இது 15 மடங்கு ஆகிவிடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இரண்டரை மடங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2002இல் ஆண்ட்ரூ ஆலன், பிரவுன், கில்லூலி மூவரும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு பரப்பில் வாழும் உயிரிகளின் மொத்த எண்ணிக்கை மாறாது, ஒவ்வோர் இனக்கூட்டமும் சராசரியாக ஒரே அளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், இன எண்ணிக்கையின் இயல்மடக்கையை மேலே கண்ட தலைகீழ் வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், கோடு சுமார் 0.65 சரிவில் இறங்க வேண்டும். 5 டிகிரிக் கடலில் 100 இனம் என்றால் 25 டிகிரிக் கடலில் 600க்குச் சற்று மேல். ஓர் எண்ணைத் துணிந்து முன்வைப்பதுதான் இந்தக் கோட்பாட்டின் சிறப்பு; பொய்த்தால் உடனே தெரிந்துவிடும். பல குழுக்களில் பொய்த்தும் இருக்கிறது. சரிவு சில இடங்களில் மிகையாகவும் சில இடங்களில் சப்பையாகவும் வருகிறது. உணவு உற்பத்தி இடத்துக்கு இடம் பல மடங்கு மாறும் கடலில், ‘மொத்த எண்ணிக்கை மாறாது’ என்ற அனுமானம் அவ்வளவு தாங்காது. ஆக, அந்தச் சரிவை விதியாக எடுத்துக்கொள்ளாமல் அளவுகோலாக எடுத்துக்கொள்வதே சரி: விலகல் எங்கே, எவ்வளவு என்று பார்க்க அது உதவுகிறது.

வேகம் எப்படி வகைகளாகிறது

இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மூன்றுக்கும் ஒரே பலம் கிடையாது.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பிறழ்வு வழி. பிறழ்வு என்பது டிஎன்ஏவில் நேரும் மாற்றம். வளர்சிதை மாற்றம் வேகமானால் டிஎன்ஏ சேதம் கூடும், தலைமுறை இடைவெளி குறையும், பிறழ்வுகள் விரைவாகச் சேரும், புதிய இனங்கள் சீக்கிரம் பிரியும். 2006இல் ஆலன் குழுவினர் ஃபோராமினிஃபெரா புதைபடிவங்களை வைத்து இதற்குச் சான்று காட்டினார்கள். ஆனால் 2018இல் டேனியல் ரபோஸ்கி குழுவினர் மீன்களின் மரபுவழி மரத்தைக் கட்டியெழுப்பிப் பார்த்தபோது, புது இனம் பிரியும் வேகம் வெப்பமண்டலத்தில் குறைவாகவும் துருவக் கடல்களில் மிகுதியாகவும் இருந்தது. அண்டார்டிக் நீரில், உறைநிலைக்கு எதிரான புரதங்களை இரத்தத்தில் ஓடவிட்டுக்கொண்டு, மைனஸ் 1.8 டிகிரியில் வாழும் நோட்டோதெனியாய்டு மீன்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மிக மெதுவான உடல்வேகம், ஆனாலும் ஒப்பளவில் குறுகிய காலத்தில் 100க்கும் மேற்பட்ட இனங்கள். சூடு, பிறழ்வு, புது இனம் என்று நேர்கோட்டில் ஓடும் விளக்கத்துக்கு, மீன்களைப் பொறுத்தவரை, இது பலத்த அடி. வெப்பமண்டலத்தின் செல்வம் வேகமாகச் சம்பாதித்தது என்பதைவிட, நீண்ட காலம் அழியாமல் சேர்ந்தது என்று கொள்வதே மீன்களின் சான்றுக்குப் பொருந்துகிறது.

இரண்டாவது வழி லார்வாக்கள். நண்டு, சிப்பி, கடல்முள்ளெலி, பெரும்பாலான மீன்கள் எல்லாம் இளமையில் சில நாட்களோ வாரங்களோ நீரோட்டத்தில் மிதப்பவை. மேரி ஓ’கானர் குழுவினர் 2007இல் பல பத்து இனங்களின் ஆய்வகத் தரவுகளைத் திரட்டிக் காட்டியது: நீர் குளிரக் குளிர இந்த மிதவைப் பருவம் நீள்கிறது. நீரோட்டம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8.6 கிலோமீட்டர். 10 நாளில் வளர்ந்துவிடும் லார்வா அதிகபட்சம் 86 கிலோமீட்டர் போகும். குளிரில் 40 நாள் ஆகும் லார்வா 345 கிலோமீட்டர் போகலாம். சுழிகளும், லார்வாவே மேலும் கீழும் நகர்வதும் இந்தத் தூரத்தைக் குறைக்கும், ஆனால் திசை மாறாது. தூரம் போனால் கூட்டங்கள் கலக்கும். கலந்தால் பிரிந்து தனி இனமாக வாய்ப்புக் குறையும். சூடான நீரில் அடுத்த தீவுக் கூட்டமே அந்நியக் கூட்டமாகிவிட முடியும். மேலே சொன்ன பிறழ்வு வழியைவிட இது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. ஒவ்வொரு படியையும் தொட்டியில் வைத்து அளந்துவிட முடிகிறது.

மூன்றாவது, தின்பதும் தின்னப்படுவதும். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கக் கண்டங்களின் இரு கரைகளிலும், 115 டிகிரி அட்சரேகை நீளத்துக்கு, 36 இடங்களில் ஒரே சோதனையைச் செய்தது. கடற்பாறையில் ஒட்டி வாழும் உயிரிகள் குடியேற வசதியாகப் பலகைகளை நீரில் தொங்கவிட்டு, சிலவற்றுக்குக் கூண்டு போட்டு, சிலவற்றைத் திறந்து வைத்தார்கள். குளிர்ந்த நீரில் கூண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலகையில் பெரிய வேறுபாடு இல்லை. சூடான நீரில் திறந்த பலகையை மீன்கள் மேய்ந்து தீர்த்திருந்தன. அங்கே எந்த ஓர் இனமும் இடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. ஓட்டைத் தடிமனாக்குவது, நஞ்சைச் சேர்ப்பது, இடுக்கில் ஒளிவது என்று பிழைக்கும் வழிகள் பலவாகப் பிரிய நெருக்கடி இருக்கிறது.

கடல்நாய் ஏன் எதிர்த்திசையில் நிற்கிறது

கடல்நாயின் உடல் வெப்பம் சுமார் 37 டிகிரி. நீர் 2 டிகிரியோ 28 டிகிரியோ, அதன் தசை ஒரே வேகத்தில் சுருங்கும். அது துரத்தும் மீனுக்கு அப்படி இல்லை. 25 டிகிரி நீரில் வெடுக்கென்று திரும்பி மறையும் மீன், 3 டிகிரி நீரில் மந்தமாகிவிடுகிறது: வால் அடிப்பு குறைகிறது, ஆபத்தை உணர்ந்து திரும்பும் நேரம் நீள்கிறது. குளிர்நீரில் வேட்டையாடும் கடல்நாய், அரைத்தூக்கத்தில் இருக்கும் இரையை முழு விழிப்போடு துரத்துகிறது என்று சொல்லலாம். அதோடு அதையே தின்ன வரும் சுறாவும் அங்கே மந்தம்.

ஜான் கிரேடி குழுவினர் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் சுறா, மீன், ஊர்வன, பாலூட்டி, பறவை என 998 கடல் வேட்டை இனங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். குளிர் இரத்த வேட்டையாடிகள் சூடான நீரில் மிகுந்திருக்க, பாலூட்டிகளும் பறவைகளும் குளிர்ந்த நீரை நோக்கிச் சாய்ந்திருந்தன. கொழுப்புப் போர்வையை வளர்த்து, சூட்டைக் காக்க அதிக உணவும் தின்ன வேண்டும் என்ற செலவு இருந்தாலும், இரைக்கும் தமக்கும் இடையே உள்ள வேக இடைவெளி அந்தச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. கணக்குப் போடும்போது நீரின் வெப்பநிலை மட்டும் போதாது. வேட்டைக்காரனின் உடல் வெப்பத்துக்கும் இரையின் உடல் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசமே அளவு.

கலாபகோஸ் பெங்குயின் இதற்கு ஒரு கூர்மையான சான்று. 18 பெங்குயின் இனங்களில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் இயற்கையாக வாழ்வது இது ஒன்றே. அட்சரேகையைப் பார்த்தால் விதிவிலக்கு. நீரைப் பார்த்தால் விதிவிலக்கே இல்லை: ஆழத்தில் கிழக்கு நோக்கி ஓடும் குரோம்வெல் நீரோட்டம் அந்தத் தீவுகளின் மேற்குப் பக்கத்தில் மோதிக் குளிர்நீரை மேலே தள்ளுகிறது. பெங்குயின்களில் பெரும்பகுதி அந்த மேற்குப் பக்கத்துத் தீவுகளில்தான் இருக்கின்றன. எல் நினோ ஆண்டுகளில் அந்தக் குளிர்நீர் நின்றுபோகும்போது அவை பட்டினியால் மடிகின்றன.

ஆழத்தில் வெப்பநிலை கை கழுவிக்கொள்கிறது

2,000 மீட்டருக்குக் கீழே பெருங்கடல்களில் நீர் பெரும்பாலும் 4 டிகிரிக்குக் கீழ். நிலநடுக்கோட்டிலும் அப்படித்தான், துருவத்தருகிலும் அப்படித்தான். வெப்பநிலையே மாறாத இடத்தில் அது எதையும் பிரித்துக் காட்ட முடியாது. நட்சத்திர மீனின் உறவான, பாம்புபோல் நெளியும் மெல்லிய கைகளைக் கொண்ட ஓஃபியூராய்டுகளின் 1,65,000 பதிவுகளை வைத்து 2016இல் நடந்த ஆய்வில், ஆழம் குறைந்த பகுதியில் உச்சம் வெப்பமண்டலத்தில் இருந்தது. 2,000 மீட்டருக்குக் கீழே 30 முதல் 50 டிகிரி அட்சரேகைகளுக்கு நகர்ந்துவிட்டது. மேலிருந்து விழும் இறந்த மிதவைகள், கழிவுத் துகள்கள் ஆகிய உணவுமழை அதிகம் எட்டும் இடங்கள் அவை. மேலே எடுபடாத உணவு விளக்கம், கீழே ஆளுகிறது.

மத்தியதரைக் கடலின் ஆழநீர் சுமார் 13 டிகிரி, செங்கடலின் ஆழநீர் சுமார் 21 டிகிரி. வெப்பநிலை மட்டுமே போதுமென்றால் இவற்றின் அடியில் இனங்கள் நிறைந்திருக்க வேண்டும். இரண்டுமே ஆழத்தில் ஏழ்மையானவை. சூடான ஆழநீரில் உடல் வேகமாக எரிகிறது, விழும் உணவோ சொற்பம். இரண்டு கடல்களின் புவியியல் வரலாறும் இதில் கலந்திருப்பதால் தூய சோதனை என்று சொல்ல முடியாது. ஆனாலும் சூடு உணவில்லாமல் உதவாது என்பதை அவை காட்டுகின்றன.

தரவைக் கையாளும்போது எங்கே சறுக்கும்

இந்தத் தொடர்புகளைத் தாமே சோதிக்க விரும்புவோர் அடிக்கடி விழும் குழிகள் சில. முதலாவது கட்டங்கள். ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 12,300 சதுர கிலோமீட்டர்; 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதி. பரப்பு குறைந்தால் இன எண்ணிக்கை தானாகவே குறையும், அதைக் குளிரின் விளைவு என்று எண்ணிவிடுவோம். சம பரப்புக் கட்டங்களே வேண்டும்; டிட்டென்சர் குழு 880 கிலோமீட்டர் அளவுள்ளவற்றை எடுத்தது. இரண்டாவது, தேடல் ஏற்றத்தாழ்வு. ஐரோப்பியக் கடல்கள் நூற்றாண்டுகளாகத் துழாவப்பட்டவை, வெப்பமண்டலக் கடல்கள் பல அப்படியல்ல. வெறும் இன எண்ணிக்கையை ஒப்பிடாமல், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சமவாய்ப்பாக 50 பதிவுகளை எடுத்தால் எத்தனை இனம் வரும் என்ற எதிர்பார்ப்பு மதிப்பை ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது மடக்கை. சரிவை 0.65 என்ற எண்ணோடு ஒப்பிடும்போது இயல்மடக்கை வேண்டும்; 10 அடிமான மடக்கையில் அதே சரிவு 0.28 ஆகத் தெரியும், கோட்பாடு தோற்றதாகத் தவறாக அறிவித்துவிடுவோம். செல்சியஸைக் கெல்வினாக்காமல் விட்டால் கணக்கே அர்த்தமற்றது. கடலடி உயிரிக்குக் கடற்பரப்பு வெப்பநிலையைப் போடுவதும் அப்படித்தான். கடைசியாக, அடுத்தடுத்த கட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும்; 500 கட்டம் இருந்தால் 500 தனித்தனிச் சான்று இருப்பதாகப் பொருளில்லை. இடத் தன்தொடர்பைக் கணக்கில் எடுக்காத மாதிரி, இல்லாத உறுதியைக் காட்டும்.

மேல்முனையில் ஆக்சிஜன்

சூடு கூடக் கூட வேகம் கூடுகிறது என்றால், இன எண்ணிக்கை ஏன் நிலநடுக்கோட்டில் மட்டும் பள்ளமாகிறது? வேகத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். வழக்கமான உப்புள்ள கடல்நீர் 0 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 11.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான். தேவை 15 மடங்கு ஏறும்போது இருப்பு ஏறக்குறைய பாதியாகிறது. இதைச் சொல்லும்போது ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: சூடான நீரில் ஆக்சிஜன் விரைவாகப் பரவுகிறது, செவுளுக்குள் அதைத் தள்ளும் பகுதியழுத்தமும் குறைவதில்லை, எனவே உடலுக்குக் கிடைப்பது பாதியாகிவிடாது. ஆனால் 15 மடங்குத் தேவையை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது.

கர்ட்டிஸ் டாய்ச் குழுவினர் 2015இல் இந்த வரவு செலவை ஒரே எண்ணாக்கினார்கள்: கிடைக்கக்கூடிய ஆக்சிஜனை, ஓய்வில் உள்ள உடலின் தேவையால் வகுத்தது. 1 என்றால் உயிரோடு கிடக்கலாம், அவ்வளவுதான். இரை தேட, முட்டையிட, ஓட அதற்கு மேல் வேண்டும். அட்லாண்டிக் காட் மீன் முதலான இனங்களின் வாழிட எல்லையை இந்த எண்ணோடு பொருத்தியபோது, எல்லை 2க்கும் 5க்கும் இடையே விழுந்தது.

25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவை ஜஸ்டின் பென் குழுவினர் 2018இல் இதே எண்ணைக் கொண்டு ஆராய்ந்தார்கள். கணினி மாதிரியில் கடல் சுமார் 10 டிகிரி சூடாகி, ஆக்சிஜனில் முக்கால் பங்கை இழந்தது. அழிவு துருவத்தை நோக்கிப் போகப் போகக் கடுமையானது; புதைபடிவங்களும் அதையே காட்டின. வெப்பமண்டல இனங்கள் சூட்டுக்கும் குறைந்த ஆக்சிஜனுக்கும் ஏற்கெனவே பழகியவை, துருவத்தை நோக்கி நகரவும் அவற்றுக்கு இடமிருந்தது. குளிர்நீர் இனங்களுக்கு அதற்கப்பால் குளிர்நீர் இல்லை.

இன்றைய நகர்வும் அந்தத் திசையில்தான். சாயா சௌத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் 48,661 இனங்களின் பதிவுகளை 1955 முதல் மூன்று காலப் பகுதிகளாகப் பிரித்துப் பார்த்ததில், நிலநடுக்கோட்டுப் பள்ளம் ஆழமாகிக்கொண்டு வருகிறது. ஒரு மிதவெப்பக் கடலிலிருந்து ஓர் இனம் துருவம் நோக்கிப் போனால், அதன் இடத்துக்கு வெப்பமண்டலத்திலிருந்து ஒன்று வரலாம். நிலநடுக்கோட்டிலிருந்து போவதன் இடத்துக்கு வர, அதைவிடச் சூடான கடல் எதுவும் இல்லை. பென், டாய்ச் இருவரும் 2022இல் செய்த கணிப்பில் இரு முனைகளும் வெவ்வேறு விதமாக இழக்கின்றன: வெப்பமண்டலக் கடல்கள் தம் இன எண்ணிக்கையை அதிகம் இழக்கும், ஆனால் அந்த இனங்களில் பல வேறிடத்தில் பிழைத்திருக்கும், துருவக் கடல்களின் இனங்களுக்கோ உலகிலிருந்தே மறையும் ஆபத்து மற்ற எவற்றையும்விட அதிகம்.